குழலுக்குள் இருந்த வெண்பொடி

எங்கள் வீட்டு முன்னறையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொங்கிய டியூப் லைட்டைச் சென்ற மாதம் கழற்றினோம். நான்கடி நீளத் தகரச் சட்டம், அதன் வயிற்றில் செங்கல் துண்டைப் போல் கனத்த சோக், பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுள்ள ஸ்டார்ட்டர், இரு முனையிலும் வெயில் பட்ட காகிதத்தைப் போல் பழுத்துவிட்ட ஹோல்டர்கள். இடையில் குழல் பலமுறை மாறியிருக்கிறது. ஸ்டார்ட்டர் மாறியதற்குக் கணக்கே இல்லை. சட்டமும் சோக்கும் மட்டும் முதல் நாள் வைத்தவை. சில மாதங்களாகவே மாலையில் ஸ்விட்சைப் போட்டால் முனைகள் மட்டும் செந்நிறமாய்க் கனன்றுகொண்டிருக்கும்; நடுவில் இருள். தாமதமாகப் புரிந்துகொள்பவனை ‘டியூப் லைட்’ என்று அழைக்கும் வழக்கம் எவ்வளவு நுட்பமான கவனிப்பிலிருந்து பிறந்தது என்பதை அந்த நாட்களில் மறுபடி உணர்ந்தேன்.

கழற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஏறக்குறைய என் வயதுக்காரர். பழைய சட்டத்தை இறக்கி, அதே ஆணித் துளைகளில் இருபது வாட் எல்.இ.டி. பட்டையைப் பொருத்த அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கிளம்பும்போது, எரிந்ததும் எரியாததுமாகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூன்று குழல்களைக் காட்டி, “டியூபைத் தெருமுனைத் தொட்டியில உடைச்சுப் போட்டுரட்டுமா சார்?” என்று கேட்டார். பிறகு தாமாகவே சிரித்தார். “சின்ன வயசுல இதுக்குத்தான் அலைவோம். மாஞ்சாவுக்கு.”

நானும் அலைந்தவன்தான். வடசென்னையில் பட்டம் விட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அணைந்துபோன டியூப் லைட் ஒரு புதையல். சாக்கில் சுற்றி உடைத்து, கல்லில் வைத்து நுணுக்கி, துணியில் சலித்து, பசையோடு சேர்த்து நூலில் ஏற்றுவோம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்பொடி விரலிலும் மூக்கிலும் படியும், சட்டையில் துடைத்துக்கொள்வோம். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிர்கள் போனதும், அது தடை செய்யப்பட்டதும் பிற்பாடு. நூலின் ஆபத்தையாவது ஊர் அறிந்துகொண்டது. அந்த வெண்பொடி என்ன, எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்த கதையை இங்கே எழுதிவைக்கிறேன்.

*

குழல்விளக்கில் ஒளி தருவது மின்சாரம் பாயும் வாயு என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது எழுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அதன் முதன்மையான அலைநீளம் 253.7 நானோமீட்டர். அந்தக் கதிரை விழுங்கி, நாம் காணக்கூடிய ஒளியாகத் திருப்பித் தருவது கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட பொடிதான். பொடியில்லாத பாதரசக் குழலின் கீழே நின்றால் மனித முகம் பிணத்தின் நிறத்தில் தெரியும். ஆகவே குழல்விளக்கின் வரலாறு என்பது பெருமளவில் அந்தப் பொடியின் வரலாறு.

ஒரு நிறக் கதிரை வாங்கி வேறு நிற ஒளியைத் தரும் இயல்புக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஆண்டு 1852. ஃபுளூவோரைட் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து அச்சொல்லை அவர் ஆக்கினார். தமிழில் உடனொளிர்வு என்கிறோம். ஆற்றல் மிகுந்த கதிரை வாங்கி ஆற்றல் குறைந்த கதிரைத் தருவதே அதன் பொது விதி என்பதையும் அவர் கண்டார். கொடுக்கல் வாங்கலில் எப்போதும் ஒரு கழிவு உண்டு. அது வெப்பமாகப் போய்விடும்.

அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1857இல், பான் நகரில் ஹைன்ரிச் கைஸ்லர் என்ற கண்ணாடி ஊதும் கைவினைஞர் காற்றை ஏறத்தாழ முழுவதுமாக உறிஞ்சிய குழல்களைச் செய்தார். உள்ளே மிஞ்சிய சொற்ப வாயுவில் மின்சாரம் பாய்ந்தபோது குழல் வண்ணமாய் ஒளிர்ந்தது. பாரிஸில் எட்மோன் பெக்கரல் அத்தகைய குழல்களுக்குள் உடனொளிரும் பொருள்களை வைத்து ஆராய்ந்தார். பின்னாளில் கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரலின் தந்தை இவர். குழல், வாயு, பொடி என்ற மூன்றும் 1850களின் இறுதிக்குள் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. அவை கடைத்தெருவுக்கு வர இன்னும் எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

*

அந்த எண்பது ஆண்டுகளில் நடந்த ஒரு சம்பவம் குழல்விளக்கின் கதையில் அதிகம் சொல்லப்படுவதில்லை.

1895இன் இறுதியில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். செய்தி அமெரிக்காவை எட்டிய சில வாரங்களில் எடிசனின் ஆய்வகம் அதில் இறங்கிவிட்டது. எக்ஸ் கதிர் பட்டால் நன்றாக ஒளிரும் பொருள் எது என்று ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சோதித்துக் கால்சியம் டங்ஸ்டேட்டைத் தேர்ந்தார்கள். அதைக் குழலின் உட்புறத்தில் பூசி, எக்ஸ் கதிரால் ஒளிரச் செய்து, வீட்டு விளக்காக்க முயன்றார் எடிசன். 1896இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1907இல் வழங்கப்பட்டது. ஆனால் விளக்கு ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை.

காரணம் கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர். கண்ணாடி ஊதுபவர். எக்ஸ் கதிர்க் குழல்களைச் செய்வதும், தம் கையையே கதிரில் காட்டிச் சோதிப்பதும் அவருடைய அன்றாட வேலை. கையில் புண் வந்தது, ஆறவில்லை, புற்றாக மாறியது. கைகள் வெட்டப்பட்டும் நோய் பரவி 1904இல் தம் முப்பத்தொன்பதாவது வயதில் இறந்தார். எக்ஸ் கதிரால் இறந்தவர்களாக அமெரிக்காவில் அறியப்பட்டவர்களுள் அவர் முதலானவர். எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். பொடி பூசிய முதல் வீட்டு விளக்குக்கான முயற்சி ஒரு தொழிலாளியின் உடம்பில் முடிந்துபோனது.

*

பிறகு வந்தவர்கள் பொடியை விட்டுவிட்டு வாயுவைப் பிடித்தார்கள். டேனியல் மெக்ஃபார்லன் மூர் கட்டடத்தின் கூரையோரம் நெடுகச் செல்லும் நீண்ட கண்ணாடிக் குழல்களில் நைட்ரஜனையும் கரியமில வாயுவையும் நிரப்பி ஒளியேற்றினார். 1904இல் நியூவார்க் நகரின் இரும்புச் சாமான் கடை ஒன்றில் அது முதன்முதலாக வணிகமுறையில் பொருத்தப்பட்டது. பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்கை 1901இல் காப்புரிமை செய்தார். மின்சாரச் சிக்கனத்தில் அது இழைவிளக்கை மிஞ்சியது, நிறமோ நீலப்பச்சை. தொழிற்கூடங்களும் நிழற்பட நிலையங்களும் அதை ஏற்றன, வீடுகள் ஏற்கவில்லை.

1926இல் பெர்லினில் எட்மண்ட் கெர்மரும் அவருடைய தோழர்கள் இருவரும் பாதரச ஆவியையும் உட்பூச்சையும் மீண்டும் இணைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1934இல் இங்கிலாந்து சென்ற அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் அங்கே பச்சையாய் ஒளிர்ந்த ஒரு குழலைக் கண்டு, தாம் ஆலோசகராக இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். கிளீவ்லாந்தின் நீலா பார்க் ஆய்வகத்தில் ஜார்ஜ் இன்மன் தலைமையில் ஒரு சிறு குழு வேலையைத் தொடங்கியது. 1938 ஏப்ரலில் விளக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சிகளில் மக்கள் அதைக் கூட்டமாகப் பார்த்தார்கள்.

என் வீட்டுச் சட்டத்தில் இருந்த உறுப்புகளின் பணியும் அன்று வகுத்ததேதான். வாயுவில் ஒருமுறை மின்சாரம் பாயத் தொடங்கிவிட்டால் அதன் தடை குறைந்துகொண்டே போகும். கட்டுப்படுத்தாவிட்டால் குழல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். செம்புக் கம்பியை இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிச் செய்த சோக் அந்த ஓட்டத்தை நெரித்துப் பிடிக்கிறது. ஸ்டார்ட்டருக்குள் இருப்பது சிறு வாயுக்குமிழும் சூட்டில் வளையும் ஈருலோகத் தகடும். தகடு வளைந்து தொட்டால் குழலின் முனைகள் சூடேறும். ஆறி விலகும் கணத்தில் சோக்கிலிருந்து எழும் உயர்மின்னழுத்த உதை குழலைப் பற்றவைக்கும். மின்னழுத்தம் குறைந்த மாலைகளில் இந்த உதை போதாமல் போகும். அப்போதுதான் நாம் நாற்காலி போட்டு ஏறிக் குழலைத் திருகிக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு சிக்கனமான விளக்கை எல்லோரும் வரவேற்றிருப்பார்கள் என்று நினைப்போம். மின்சாரம் விற்ற நிறுவனங்கள் கலங்கின. அதே வெளிச்சத்துக்குப் பாதிக்கும் குறைவான மின்சாரம் என்றால் அவர்கள் வருமானம் என்னாவது? 1939இல் நீலா பார்க்கில் விளக்கு நிறுவனங்களும் மின் நிறுவனங்களும் கூடிப் பேசின. மின்சாரம் மிச்சமாகும் என்பதை முன்னிறுத்தாமல், அதிக வெளிச்சம் கிடைக்கும் என்பதை முன்னிறுத்தி விற்பதென்ற நிலைக்கு வந்தார்கள். அமெரிக்க அரசு ஜெனரல் எலக்ட்ரிக் மீது இந்த விளக்குச் சந்தை தொடர்பாக ஏகபோகத் தடை வழக்கைப் 1942இல் தொடுத்தது. இரவு பகலாக ஓடிய போர்க்காலத் தொழிற்சாலைகளோ இந்த விளக்கை வாரி வாங்கின. 1951 வாக்கில் அமெரிக்காவில் இழைவிளக்குகள் தந்ததைவிட அதிக ஒளியைக் குழல்விளக்குகள் தந்தன.

*

அந்தப் பேரெழுச்சியின் காலத்தில் குழலின் உட்புறம் பூசப்பட்டது என்ன? இனிமையான வெண்மைக்காக அன்று பயன்பட்ட முக்கியமான பொடி துத்தநாக பெரிலியம் சிலிக்கேட்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றொரு ஊர் உண்டு. நம் மாம்பழச் சேலத்துக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை மட்டுமே. அங்கே இருந்த குழல்விளக்குத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், 1940களில் ஒருவர்பின் ஒருவராக மூச்சுத் திணறி, எடை குறைந்து, நடக்க மாட்டாமல் வீழ்ந்தார்கள். நோயின் வினோதம், வேலையை விட்டுப் போய் மாதங்களும் ஆண்டுகளும் கழித்தும் அது தோன்றியதுதான். முதலில் இதைக் காரணம் தெரியாத வேறொரு நோயோடு சேர்த்து ஊர்ப்பெயரால் அழைத்தார்கள். தொழில்சார் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் ஹாரியட் ஹார்டி தொழிற்சாலைக்கும் வீடுகளுக்கும் போய்ப் பேசி, நோயுற்றவர்களிடையே பொதுவாக இருந்ததைத் தேடினார். பொடிதான் பொது. 1946இல் இர்விங் டேபர்ஷா என்பவருடன் சேர்ந்து 17 பேரைப் பற்றிய கட்டுரையை அவர் வெளியிட்டார்.

பெரிலியம் நஞ்சு என்பதை அன்றைய அதிகாரபூர்வமான மருத்துவக் கருத்து எளிதில் ஏற்கவில்லை. ஆனால் சான்று மறைக்க முடியாததாகிவிட்டது. உடைந்த குழல் கிழித்த இடத்தில் ஆறாத கட்டிகள் எழுந்த செய்திகளும் மருத்துவ ஏடுகளில் வந்தன. 1949இல் அமெரிக்க விளக்கு நிறுவனங்கள் பெரிலியத்தைக் கைவிட்டன. நோயாளிகளின் பதிவேடு ஒன்றை ஹார்டி 1952இல் தொடங்கினார். தொழிற்சாலை மாறிவிட்டது, நுரையீரலுக்குள் போன பொடி மாறவில்லை.

இதைப் படித்தபோது என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். கல்லில் வைத்து நுணுக்கியபோது எழுந்த வெண்புகை நினைவுக்கு வந்தது. நாற்பது ஆண்டுகள் முன்னதாக, வேறோர் ஊரில், அதே விளையாட்டை ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எங்களைக் காப்பாற்றியது நாங்கள் அறியாத ஒரு கண்டுபிடிப்பு. 1942இல் இங்கிலாந்தின் மெக்கீக், ரான்பி என்ற இரு வேதியியலாளர்கள் கால்சியம் ஹாலோபாஸ்பேட் என்ற பொடியைக் கண்டறிந்தார்கள். அதில் சிறிதளவு ஆன்டிமனியும் மாங்கனீசும் சேர்த்தால் ஒன்று நீலச்சாயலும் மற்றது செம்மஞ்சளும் தந்து, கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும். விலை மலிவு, பெரிலியம் இல்லை. போருக்குப் பிந்தைய உலகின் குழல்கள் பெரும்பாலும் இந்தப் பொடியால்தான் வெளுத்தன. இதன் படிக அமைப்பு அப்படைட் என்ற கனிம வகையைச் சேர்ந்தது. நம் எலும்பும் பல்லும் அதே குடும்பம். இந்திய வீடுகளில் பல்லாண்டுகளாகப் பால்போல் பொழிந்த வெளிச்சம் எலும்பின் தூரத்து உறவினர் தந்தது.

எங்கள் ஊர்களில் அந்த வெளிச்சத்துக்கு ஒரு மதிப்பும் இருந்தது. மஞ்சள் பல்பு எரியும் வீட்டில் டியூப் லைட் வந்தால் அது ஒரு படி ஏற்றம். கல்யாண மண்டபங்களிலும் திருவிழாப் பந்தல்களிலும் கம்பத்துக்குக் கம்பம் நிறுத்திக் கட்டுவார்கள். கோயில் குழல்விளக்குகளில் உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம் எல்லோரும் அறிந்ததே. ஒளியைவிட எழுத்து பெரிதாக இருந்ததையும் நம் எழுத்தாளர்கள் போதுமான அளவு கேலி செய்துவிட்டார்கள்.

*

பொடி திருந்தியது. பாதரசம் திருந்தவில்லை. அது இல்லாமல் குழலில் புற ஊதாக் கதிரே எழாது. 38 மில்லிமீட்டர் பருமனுள்ள பழைய 40 வாட் குழல்களில் பல பத்து மில்லிகிராம் இருந்தது. பின்னர் வந்த மெலிந்த 36 வாட், 28 வாட் குழல்களில் அது சில மில்லிகிராமாகக் குறைந்தது. ஒரு குழலில் இருப்பது மிகச் சொற்பம்தான். ஆனால் விளக்குகள் கோடிக்கணக்கில் எரிந்து, கோடிக்கணக்கில் குப்பைக்குப் போயின.

பாதரசம் என்ன செய்யும் என்பதை உலகுக்கு அறிவித்தது ஜப்பானின் மினமாட்டா. வேதித் தொழிற்சாலை கடலில் விட்ட கரிமப் பாதரசம் மீனில் சேர்ந்து, மீனை உண்ட மீனவக் குடும்பங்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956இல் அந்நோய் முறையாக அறிவிக்கப்பட்டது. நமக்கு அருகில் கொடைக்கானல் இருக்கிறது. அங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் கழிவு காட்டோரத்திலும் பழைய பொருள் கடையிலும் கிடந்தது வெளிப்பட்டு, 2001இல் அது மூடப்பட்டது. விளக்கில் இருப்பது கரிமப் பாதரசம் அன்று என்பது சரி. மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் ஒன்றை மற்றொன்றாக மாற்றவல்லவை என்பதும் சரி.

மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. 2023இல் ஜெனீவாவில் கூடிய அதன் உறுப்பு நாடுகள் நீள்குழல் விளக்குகளுக்கும் நாள் குறித்தன: ஹாலோபாஸ்பேட் பூசியவற்றுக்கு 2026; 1970களில் வந்த அரிய மண் உலோகங்களாலான முந்நிறப் பொடி பூசியவற்றுக்கு 2027. அவ்வாண்டுகளுக்குப் பின் அவற்றைச் செய்யவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது. 1938இல் பிறந்த விளக்கு தொண்ணூறு வயதை எட்டுமுன் விடைபெறுகிறது.

அதன் இடத்தில் என் முன்னறையில் இப்போது எரியும் எல்.இ.டி. பட்டையைப் பொடியற்ற விளக்கு என்றுதான் எண்ணியிருந்தேன். அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் வரிசையாக மஞ்சள் புள்ளிகள். அவைதாம் பொடி. உள்ளே எரிவது நீல ஒளி. அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இன் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த நீல ஒளி. அதன் மேல் பூசப்பட்ட, சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற மஞ்சள் பொடி நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாகத் தருகிறது. மஞ்சளும் மிச்ச நீலமும் கலந்து கண்ணுக்கு வெண்மை. ஸ்டோக்ஸ் கண்ட அதே கொடுக்கல் வாங்கல். நாகமுரா வேலை பார்த்த நிச்சியா நிறுவனம் 1956இல் தொடங்கி, குழல்விளக்குப் பொடிகளுக்கான கால்சியம் சேர்மங்களைச் செய்து வளர்ந்தது என்பதை அறிந்தபோது வட்டம் பூர்த்தியாவதுபோல் இருந்தது. குழலை வெளியேற்றிய விளக்கும் குழலுக்குப் பொடி அரைத்த வீட்டில்தான் பிறந்திருக்கிறது.

இந்த மஞ்சள் பொடிக்கும் ஒரு சுரங்கம் உண்டு. அதை எடுப்பவர்கள் உண்டு. அவர்களுடைய கதையை எழுத இன்னொரு ஹார்டி தேவைப்படக் கூடாது என்று விரும்புகிறேன்.

*

எலக்ட்ரீஷியனிடம், “வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்” என்றேன். அவர் வியப்போடு பார்த்தார். பாதரசத்தைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாம அரைச்சதுல எவ்வளவு இருந்திருக்கும் சார்?” என்று கேட்டார். சொற்பம்தான் என்றேன். அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. சோக்கில் செம்பு இருப்பதால் அதையும் சட்டத்தையும் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பாதரச விளக்குகளைத் தனியே சேகரிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளிலேயே இருந்தது. விதி தாளில் இருக்கும் தெளிவோடு தெருவில் இருப்பதில்லை. மூன்று வாரம் விசாரித்து, மின்னணுக் கழிவு வாங்கும் ஓரிடத்தைக் கண்டுபிடித்தேன். செய்தித்தாளில் சுற்றிய மூன்று குழல்களையும் ஆட்டோவில் மடியில் கிடத்திக் கொண்டுபோனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் கைக்குழந்தையைப் போல் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். வாங்கியவர் எண்ணிப் பார்த்து, ஓர் அட்டைப் பெட்டியில் மற்ற குழல்களோடு நிமிர்த்தி வைத்தார். ஒன்றும் உடையவில்லை.